சதுப்பில் எழுந்த தோட்டமும் அதைக் காத்த பத்திரமும்



இந்த மலரில் வருடாவருடம் கல்வெட்டு, நிகண்டு, ஊர்ப்பெயர் என்று எதையாவது எழுதிக்கொண்டிருந்த நான், இந்த முறை அமெரிக்காவில் உள்ள ஒரு தோட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறேன். "நயினாருக்கு இது எதுக்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நான் தாவரவியல் படித்தவன் அல்லன். அகமதாபாத்தில் 40 வருடம் எவர்சில்வர்ப் பாத்திரம் விற்றவன். எதைப் பார்த்தாலும் வரவு, செலவு, இருப்பு என்று மூன்று பத்தியாகப் பார்த்தே பழகிவிட்ட கண் எனக்கு. அந்தக் கண்ணுக்கு இந்தத் தோட்டத்தின் கதையில் நம் சங்கத்துக்கு வேண்டிய ஒரு பாடம் தென்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கதை.

தோட்டத்தின் பெயர் சைப்ரஸ் கார்டன்ஸ். அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள புளோரிடா மாநிலத்தில், விண்டர் ஹேவன் என்ற ஊரருகே, எலொய்ஸ் ஏரிக் கரையில் இருக்கிறது. 1936 இல் திறந்தது. 2003 இல் மூடியது. 2004 இல் திறந்தது. 2008 இல் மூடியது. 2009 இல் திறந்து அதே ஆண்டில் மறுபடி மூடியது. 2011 இல் வேறு பெயரில், வேறு கோலத்தில் திறந்தது. இத்தனை தடவை திறந்து மூடிய ஒரு வியாபாரத்தில் உள்ளே இருந்த மரங்கள் மட்டும் எப்படிப் பிழைத்தன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

சேற்றுக்கு ஒரு மகாராஜா

டிக் போப் என்பவர் அங்கே நிலம் விற்பனை, விளம்பரம் ஆகிய தொழில்களில் இருந்தவர். 1920களில் புளோரிடாவில் நில விலை எக்கச்சக்கமாக ஏறி, பிறகு தரைமட்டமாக விழுந்தது. அதன் பின்னால் 1929 இன் பெருமந்தம். ஜனங்கள் வேலை இல்லாமல் தெருவில் நின்ற காலம். அப்போது போப்பும் அவர் மனைவி ஜூலியும், ஒரு செல்வந்தர் தம் தோட்டத்தைக் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார் என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்தார்கள். நாமும் செய்தால் என்ன என்று தோன்றியது.

இருந்த இடமோ ஏரிக்கரைச் சதுப்பு. அங்கே வளரும் சைப்ரஸ் என்பது, படங்களில் ஊசிபோல் நிற்குமே அந்த மரம் அல்ல. இது தண்ணீரிலேயே நிற்பது. குளிர்காலத்தில் இலை உதிர்ப்பது. இதன் வேரிலிருந்து சுற்றிலும் முட்டிமுட்டியாகக் கட்டைகள் சேற்றுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சேற்றை வெட்டி, கால்வாய் எடுத்து, தண்ணீரை வடித்து, கரை கட்டி, பல நாட்டுச் செடிகளைக் கொண்டுவந்து நட்டார்கள். பார்த்த உள்ளூர்க்காரர்கள் சிரித்தார்கள். பத்திரிகைகள் போப்புக்குப் பட்டப்பெயர் வைத்தன. என்ன பட்டம் தெரியுமா? "சதுப்பின் சுவாமி", "சேற்று மகாராஜா"! கேலி செய்வதற்குக்கூட அவர்களுக்கு நம் நாட்டுச் சொல்தான் கிடைத்தது.

1936 ஜனவரி 2 அன்று தோட்டம் திறந்தது. நடைபாதை, பூச்செடி, கால்வாயில் சத்தம் போடாமல் போகும் மின்சாரப் படகு, இவ்வளவுதான் சரக்கு. ஆனால் போப் விற்கத் தெரிந்தவர். பூக்களுக்கு நடுவே அழகான பெண்களை நிறுத்திப் படம் எடுத்து, நாடெங்கும் உள்ள பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். வடக்கே பனியில் நடுங்குகிறவன் காலையில் பத்திரிகையைப் பிரித்தால், வெயிலும் பூவும் ஏரியும்! விளம்பரத்துக்கென்று பெரிய செலவே இல்லை. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர்.

அந்தம்மாவும் லேசுப்பட்டவர் அல்லர். 1940 இல் கடும் உறைபனி விழுந்து வாசலில் படர்ந்திருந்த கொடி கருகிவிட்டது. வருகிறவர்கள் கருகிய கொடியைப் பார்த்துவிட்டு, உள்ளேயும் இப்படித்தான் இருக்கும் என்று திரும்பிப் போகிறார்கள். ஜூலி என்ன செய்தார்? அந்தக் காலத்துச் சீமாட்டிகள் அணிந்த, குடைபோல் விரியும் நீளப் பாவாடையைப் பெண்களுக்கு உடுத்தி, அந்தக் கொடிக்கு முன்னால் நிறுத்திவிட்டார். கொடி மறைந்தது, கூட்டம் நின்றது. அன்றிலிருந்து அந்தப் பாவாடைப் பெண்கள்தான் தோட்டத்தின் முத்திரை. (அந்த உடை அமெரிக்கத் தெற்கில் அடிமைமுறை இருந்த காலத்துப் பண்ணை வீடுகளை நினைவூட்டுவது. கறுப்பின மக்களுக்கு அது இனிய நினைவு அல்ல. இதையும் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமை ஆகாது.)

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பக்கத்து முகாம்களில் இருந்த சிப்பாய்கள், பத்திரிகையில் வந்த நீர்ச்சறுக்குப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ஆட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டு வந்தார்களாம். அப்படி ஓர் ஆட்டமே கிடையாது. ஜூலி தம் பிள்ளைகளையும் அவர்களுடைய சிநேகிதர்களையும் கூட்டி, படகின் பின்னால் சறுக்கச் செய்து காட்டினார். அதுவே வழக்கமாகி, உலகமே பேசும் காட்சியாகிவிட்டது. வெறுங்காலால் நீரில் சறுக்கும் வித்தையும் 1947 இல் விண்டர் ஹேவனில்தான் பிறந்தது. எஸ்தர் வில்லியம்ஸ் என்ற நீச்சல் நடிகையின் படம் ஒன்று 1953 இல் வெளிவந்தது. அதற்காக ஏரியோரம் புளோரிடா மாநில வரைபடத்தின் வடிவிலேயே ஒரு நீச்சல் குளம் கட்டினார்கள். அது இன்றும் இருக்கிறது.

எங்கள் வீட்டு ஆலமரம்

எங்கள் மூத்த மகனுக்கு டாம்பாவில் வேலை. 2006 ஜனவரியில் நானும் என் மனைவியும் போயிருந்தோம். ஒரு சனிக்கிழமை இந்தத் தோட்டத்துக்கு அழைத்துப் போனான். இராட்டினம், உருளோடம், தண்ணீர்ப் பூங்கா எல்லாம் ஒரு பக்கம். தோட்டம் மறுபக்கம். எங்கள் வயதுக்கு இராட்டினம் எதற்கு? நேராகத் தோட்டத்துக்குள் நடந்தோம். ஒரு வளைவு திரும்பியதும் என் மனைவி நின்றுவிட்டாள்.

"ஏங்க, இங்க பாருங்க! நம்ம ஊர் ஆலமரம்!"

ஆலமரமேதான். விழுதுகள் இறங்கி, ஊன்றி, தூணாகி, ஒரு மண்டபமே நின்றது. 1939 இல் சிறு கன்றாக நட்டது என்று எழுதி வைத்திருந்தார்கள். அதாவது எங்கள் இருவரையும்விட மூத்த மரம். வந்தவாசிப் பக்கத்து எங்கள் கிராமத்து ஏரிக்கரை ஆலமரத்தைச் சுற்றி வளர்ந்தவள் அவள். வெளிநாட்டில் ஒரு மாதமாகச் சரியாகப் பேசாமல் இருந்தவள், அந்த மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தன் சின்ன வயதுக் கதையெல்லாம் சொன்னாள். மகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஆலமரத்துக்கு ஆங்கிலத்தில் "பான்யன்" என்று பெயர் வந்த கதை குஜராத்தில் வாழும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வணிகன் என்பதற்குக் குஜராத்தியில் வாணியோ. அது போர்த்துகீசியர் வாயில் பனியன் ஆயிற்று. பாரசீகக் கடற்கரையில் இன்றைக்குப் பந்தர் அப்பாஸ் என்று வழங்கும் துறைமுகத்தில், நம் குஜராத்தி வணிகர்கள் ஓர் ஆலமரத்தின் கீழே சிறிய கோயில் கட்டி வழிபட்டார்கள். அதைக் கண்ட ஐரோப்பியர்கள், "வணிகர்களின் மரம்" என்று அந்த மரத்தை அழைத்தார்கள். பிறகு அந்த இனத்துக்கே அது பெயராகிவிட்டது. ஆக, ஊரைவிட்டுப் போன வியாபாரியின் பெயரைத் தாங்கிய மரம் அது. வடோதரா என்ற ஊரின் பெயரும் "வட்" என்ற ஆலமரத்தை வைத்து வந்ததுதான். எங்கள் சமய மரபிலோ ஆதிநாதர் முழுதுணர் ஞானம் பெற்றது ஆலமரத்தடியில். வியாபாரிக்கும் மரம், ஞானிக்கும் மரம். இதை நான் அன்று மகனுக்கு விளக்கினேன். "அப்பா, பார்க்கிங் டைம் ஆச்சு" என்றான்.

பூட்டு விழுந்த காரணம்

நாங்கள் போன சமயத்தில் அந்தத் தோட்டம் ஒருமுறை மூடித் திறந்திருந்தது என்பதும், மறுபடி மூடப் போகிறது என்பதும் எங்களுக்குத் தெரியாது. பிற்பாடு தேடிப் படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1971 அக்டோபரில் ஆர்லாண்டோ அருகே வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறந்தது. டிஸ்னியைப் பார்க்க வருகிற கூட்டத்தில் ஒரு பங்கு தமக்கும் வரும் என்று போப் அதை வரவேற்றார். நம் கடைத்தெருவிலும் பெரிய கடை வந்தால் "கூட்டம் வருமப்பா, நல்லதுதான்" என்று சொல்லிக்கொள்வோம் அல்லவா? முதலில் அப்படித்தான் இருக்கும். போகப்போக, வருகிறவன் பணத்தையும் நாளையும் பெரிய கடையிலேயே தீர்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுவான்.

1985 இல் போப் குடும்பம் தோட்டத்தை ஒரு புத்தக வெளியீட்டு நிறுவனத்துக்கு விற்றது. டிக் போப் 1988 இல் காலமானார். 1989 இல் அது ஒரு பீர் நிறுவனத்தின் கைக்குப் போனது. 1995 இல் தோட்டத்தை நிர்வகித்தவர்களே சேர்ந்து வாங்கினார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் சுற்றுலாவே படுத்துவிட்டது. 2003 ஏப்ரல் 13 அன்று, 67 ஆண்டு நடந்த தோட்டத்துக்குப் பூட்டு விழுந்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பாத்திரக்கடையை மூடினால் சரக்கு அலமாரியில் 10 வருடம் கிடக்கும். எடுத்துப் புளி போட்டுத் துலக்கினால் பளபளவென்று ஆகிவிடும். தோட்டம் அப்படியா? வாசலில் ஒரு ஆள் வந்தாலும் 1,000 ஆள் வந்தாலும் தண்ணீர், உரம், களை, கத்திரிப்பு எல்லாம் அதே செலவு. மூடிவிட்டால் செலவு நிற்காது, வரவு மட்டும் நின்றுவிடும். சதுப்பு நிலமோ காத்துக்கொண்டே இருக்கும், திரும்பக் காடாக்க. இன்னொன்று: தோட்டத்தைப் பார்க்க வருகிறவர் வயதில் மூத்தவர். ஒருமுறை பார்த்தால் திருப்தியாகி, "பார்த்தாச்சு" என்று போய்விடுவார். பிள்ளைகள்தாம் "மறுபடியும் போகலாம்" என்று தகப்பனை நச்சரிப்பவர்கள். பிள்ளைகள் வராத இடத்துக்கு அடுத்த தலைமுறை வாடிக்கை இல்லை. இதை எந்த வியாபாரியும் ஒத்துக்கொள்வார்.

நிலமோ ஏரிக்கரை நிலம். வீடு கட்டி விற்றால் கொள்ளை லாபம். மூடியவுடன் எல்லோரும் பயந்தது அதற்குத்தான்.

பத்திரத்தின் சூட்சுமம்

இங்கேதான் நான் மிகவும் ரசித்த கட்டம் வருகிறது. பூட்டு விழுந்ததும் உள்ளூர் மக்கள் குழு அமைத்துக் குரல் எழுப்பினார்கள். பொது நிலங்களைக் காக்கும் அறக்கட்டளை ஒன்று நடுவில் வந்தது. 2004 இல் ஓர் ஏற்பாடு முடிவானது.

நாம் நிலம் வாங்கினால் ஒரே பொருளாக நினைக்கிறோம். உண்மையில் அது பல உரிமைகளின் கட்டு. நடக்கும் உரிமை, பயிரிடும் உரிமை, கிணறு வெட்டும் உரிமை, கட்டிடம் கட்டும் உரிமை. நம் ஊர்ப் பத்திரத்தில் "வழிநடைப் பாத்தியதை உண்டு" என்று எழுதுவார்கள். நிலம் உங்களுடையதுதான். ஆனால் பின்வீட்டுக்காரர் அதில் நடந்து போகும் உரிமையை நீங்கள் தடுக்க முடியாது. அதுபோலக் கட்டுகளில் ஒரு உரிமையை மட்டும் பிரித்தெடுக்கலாம்.

புளோரிடா மாநில அரசு அந்த இடத்தை முழுதாக வாங்கவில்லை. அங்கே மனை போட்டு விற்கும் உரிமையை மட்டும் சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி, பத்திரத்தில் கட்டிப்போட்டுவிட்டது. பழைய தோட்டப் பகுதியை மாவட்ட நிர்வாகம் வாங்கித் தன் பெயரில் வைத்துக்கொண்டது. மீதி இடத்தில் பூங்கா நடத்த ஜார்ஜியா மாநிலத்து முதலாளி ஒருவர் வந்தார். இனிமேல் அந்த இடம் யார் கைக்கு மாறினாலும் இந்தக் கட்டு கூடவே மாறும். வாங்குகிறவர் நல்லவரா கெட்டவரா, தோட்டம் பிடித்தவரா பிடிக்காதவரா என்ற கேள்வியே எழாது.

இதைப் படித்தபோது எனக்குப் பள்ளிச்சந்தம் ஞாபகம் வந்தது. சமணப் பள்ளிகளுக்குக் கொடுத்த நிலத்துக்கு நம் கல்வெட்டுகளில் அதுதான் பெயர். நிலத்தை உழுகிறவர் மாறுவார், ஊரை ஆள்கிறவர் மாறுவார், ஆனால் அதன் விளைச்சல் பள்ளிக்கு. சந்திர சூரியர் உள்ளவரை என்று கல்லில் வெட்டி வைப்பார்கள். கல்லில் வெட்டியும் எத்தனையோ கைநழுவிப் போயின, அது வேறு கதை. ஆனால் எண்ணம் ஒன்றுதான். நல்ல மனசை மட்டும் நம்பாதே, எழுதி வை.

எழுதி வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பாருங்கள். 2004 ஆகஸ்டு, செப்டம்பரில் சார்லி, பிரான்சஸ், ஜீன் என்று மூன்று புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பகுதியைத் தாக்கின. மரங்கள் சாய்ந்தன. திறப்பு தள்ளிப்போய் டிசம்பரில்தான் திறந்தார்கள். புதிதாக அமைத்த மர உருளோடத்துக்கு "முப்புயல்" என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். அழுவதற்குப் பதில் சிரிப்பது என்பார்களே, அது. ஆனால் கடன் தாங்கவில்லை. 2006 செப்டம்பரில் நொடிப்பு மனு. 2007 இல் ஏலத்தில் சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு இன்னொருவர் கைக்குப் போனது. 2008 நவம்பரில் மூடினார்கள். 2009 மார்ச்சில் இராட்டினங்கள் இல்லாமல், தோட்டமும் தண்ணீர்ப் பூங்காவுமாகத் திறந்து பார்த்தார்கள். செப்டம்பரில் மறுபடி மூடிவிட்டார்கள்.

மகன் தொலைபேசியில் சொன்னான், "அப்பா, அந்தத் தோட்டத்தை மூடிட்டாங்க." என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "அந்த மரத்துக்கு யாருப்பா தண்ணி ஊத்துவாங்க?" அது 70 வயது மரம், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்று நான் சொன்னேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை.

இந்த 5 வருட அலைச்சலில், கட்டு மட்டும் இல்லாதிருந்தால் ஏதோ ஒரு கைமாற்றத்தில் மரங்கள் போயிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். முதலாளிகள் நொடித்தார்கள். பத்திரம் நொடிக்கவில்லை.

பொம்மைக் கட்டிகள் வந்தன

2010 ஜனவரியில் மெர்லின் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் இடத்தை வாங்கியது. லெகோ என்று பிள்ளைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டிகள் உங்கள் வீட்டிலும் இருக்கும். காலில் குத்தியிருக்கும். டென்மார்க்கில் ஒரு தச்சர் 1932 இல் தொடங்கிய மரப்பொம்மைத் தொழில் அது. "நன்றாக விளையாடு" என்று பொருள்படும் டேனிஷ் சொற்களைச் சுருக்கி வைத்த பெயர். அந்தப் பொம்மையை வைத்து நடத்தும் பூங்காக்கள்தான் லெகோலேண்ட். 2011 அக்டோபர் 15 அன்று சைப்ரஸ் கார்டன்ஸ் இருந்த இடத்தில் லெகோலேண்ட் புளோரிடா திறந்தது.

செய்தி கேட்டு எனக்கு வயிற்றெரிச்சல். ஆலமரத்தடியில் பிளாஸ்டிக்கா? சரித்திரமெல்லாம் பொம்மைக்கடை ஆகிவிட்டதே என்று நண்பர்களிடம் புலம்பினேன்.

2017 டிசம்பரில் மறுபடி போனேன். இந்த முறை தனியாக. என் மனைவி 2013 இல் காலமாகிவிட்டாள். பேத்திக்கு அப்போது 7 வயது. அவளுக்குத் தாத்தாவின் தோட்டம் வேண்டாம், கட்டிப் பூங்காதான் வேண்டும். காலையில் அவள் இழுத்த இழுப்புக்கெல்லாம் போனேன். பழைய உருளோடங்களை இடிக்காமல் வேறு வேடம் போட்டிருந்தார்கள். முப்புயல் உருளோடம் இப்போது டைனோசர் உருளோடம். ஏரியில் அன்று நீர்ச்சறுக்கு நடந்தது. ஆனால் சறுக்குகிறவர்கள் கடற்கொள்ளைக்காரர் வேடத்தில். பேத்தி குதித்துக்குதித்துக் கைதட்டினாள். 70 வருடத்துக்கு முன்னால் ஜூலி அம்மா தம் பிள்ளைகளை வைத்துச் சிப்பாய்களுக்குக் காட்டிய அதே வித்தை, அதே ஏரி. வேடம் மட்டும் வேறு.

பிற்பகல் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். சத்தமே இல்லை. அவ்வளவு கூட்டத்தில் இங்கே வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நடைபாதை சுத்தமாக இருந்தது. சைப்ரஸ் முட்டிகள் தண்ணீரில் அப்படியே. ஓரிடத்தில் குடைபோல் பாவாடை விரித்த சீமாட்டி உட்கார்ந்திருக்கிறாள், முழுவதும் லெகோ கட்டிகளால் செய்தது. பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "யார் தாத்தா இது? எதுக்கு இப்படி டிரெஸ்?" என்று கேட்டாள். உறைபனியில் கருகிய கொடியின் கதையைச் சொன்னேன். வாய்பிளந்து கேட்டாள். அந்தக் கட்டிப் பொம்மை இல்லாவிட்டால் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

ஆலமரமும் இருந்தது. நாங்கள் பார்த்தபோது மெலிதாகத் தொங்கிய விழுதுகள் சில இப்போது தரையில் ஊன்றியிருந்தன. பேத்தி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். 30 வரை எண்ணிவிட்டு, "தாத்தா, இதுல எது ஃபர்ஸ்ட் மரம்?" என்றாள். நானும் சுற்றிச்சுற்றிப் பார்த்தேன். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "உங்க பாட்டி இங்கதாம்மா உட்கார்ந்திருந்தாங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் போய் அங்கே உட்கார்ந்துகொண்டாள்.

இந்தப் பழைய தோட்டம் 2014 இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. நடத்துகிறவர்களுக்குத் தோட்டம் தனியே லாபம் தராது என்றே நினைக்கிறேன். ஆனால் பொம்மைப் பூங்காவின் வரவு மரத்தைப் பராமரிக்கிறது. மரம் அந்தப் பூங்காவுக்கு வேறெங்கும் கிடைக்காத ஒரு நிழலைத் தருகிறது.

நமக்கு என்ன?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் சங்கத்து நூலகத்தில் உள்ள கண்ணாடி அலமாரிகள் உங்களுக்குத் தெரியும். நம் பெரியவர்கள் ஊரிலிருந்து ரயிலில் டிரங்குப் பெட்டியில் சுமந்து வந்த நூல்கள். அதில் பாதி இன்று கடையில் கிடைக்காது. வாரத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் மனசு வலிக்கும். பல ஞாயிற்றுக்கிழமைகளில் என் கையெழுத்து மட்டும்தான்.

சில வருடங்களுக்கு முன்பு செயற்குழுவில் இளைஞர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். நூலக அறையில் பாதியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், ஓவியம், பேச்சுத்தமிழ், விளையாட்டு, கணினி என்று. அதைக் கடுமையாக எதிர்த்துப் பேசியவன் நான். "இது அறிவாலயம், பிள்ளைவிளையாட்டுக் கூடம் அல்ல" என்றேன். யோசனை விழுந்தது. கைதட்டுகூட வாங்கினேன். அன்று வீட்டுக்கு நடக்கும்போது பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு நூலகத்துக்குள் எப்படி நுழைவது என்றுகூடத் தெரியாது. அந்தக் குற்றத்தில் பெரிய பங்கு என்னுடையது. அதை இந்த மலரில் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்த்ததற்கு என் பயம்தான் காரணம். இன்றைக்குப் பாதி அறை என்பார்கள், நாளைக்கு முழு அறை, மறுநாள் புத்தகங்கள் பழைய பேப்பர்க்காரனுக்கு. அந்தப் பயம் பொய்யல்ல. இடம் தேவைப்படும்போது முதலில் வெளியே போவது புத்தகம்தான். ஆனால் பயத்துக்கு மருந்து கதவைப் பூட்டுவது அல்ல என்பதை அந்தத் தோட்டத்தில் கண்டேன். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதை முதலில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பிறகு பொம்மை வரட்டும், வேடம் வரட்டும், கொள்ளைக்காரர் ஆட்டம்கூட வரட்டும்.

ஆகவே வருகிற பொதுக்குழுவில் நானே ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். ஒன்று, அந்த அலமாரிகளும் நூல்களும் எந்தச் செயற்குழுவாலும் விற்கவோ, கொடுக்கவோ, இடம் மாற்றி மூலையில் அடுக்கவோ முடியாதபடி சங்க விதிகளிலேயே ஒரு பிரிவு எழுத வேண்டும். பின்னால் வருகிறவர்களின் நல்ல மனசை நம்பி விட்டுவிடக் கூடாது. இரண்டு, அதே அறையில் மீதி இடம் முழுவதும் பிள்ளைகளுக்கு. கட்டிகள் வாங்க முதல் தொகை நான் தருகிறேன். மூன்று, பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்து அலமாரி கண்ணுக்குத் தெரியவேண்டும். நடுவே தடுப்புச் சுவர் கூடாது. என்றாவது ஒரு பிள்ளை, "இது யாரோட புத்தகம்?" என்று கேட்கும். கேட்கிற அன்றைக்கு பதில் சொல்ல யாராவது ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணியிலிருந்து 12 மணி வரை நான் இருக்கிறேன். உடம்பு இடம் கொடுக்கும் வரை வருவேன். மற்ற நேரத்துக்கு ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

ஆல்போல் தழைத்து வாழ்க என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோம். விழுது விட அதற்கு மண் வேண்டும். அந்த இடத்தை நாம் ஒதுக்கி வைப்போம்.